வயசுபோன குரல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மூன்று நாளாக ஒரு துணியும் காயவில்லை, வீடு முழுக்கப் புழுங்கல் மணம். வாங்க வேண்டியவை: பாண், மைசூர்ப் பருப்பு, மெழுகுதிரி, இவருடைய காது மெஷினுக்கு பற்றரி.

ரஞ்சியின் ஆண்டுப் பூசை வருகிற 21, சனி மாலை, கொட்டாஞ்சேனையில். ஃபாதர் நாள் கொடுத்துவிட்டார். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஏன் அவ்வளவு தூரம் என்று மச்சாள் கேட்கிறாள். நானும் தங்கையும் பிறந்து வளர்ந்தது அங்கே, பாடப் பழகியது அந்தக் கோயிலில். வேறு எங்கே வைப்பது?

ரஞ்சி போய் ஒரு வருடம். எனக்கு ஜெர்மனி விசா வரவில்லை. அடக்கத்தை போனில் பார்த்தோம். பெட்டியை இறக்கும் நேரம் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது சனங்கள் குடையோடு கலைந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

அதனால் பூசையில் அவளுக்காக நான் தனியே ஒரு பாட்டுப் பாட வேண்டும். எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். பாட்டும் இருக்கிறது. ரஞ்சியின் மகள் நிரோ போன மாதம் ஆரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பார்சலில் ஒரு சால்வை, சொக்லேட், ஒரு போட்டோக்கொப்பி. "அம்மா இதை உங்களுக்குக் குடுக்கச் சொன்னவ, பெரியம்மா." கையால் எழுதிய இசைத்தாள், நாலு பக்கம், ஒற்றை வரிசை. எழுதியவள் ரஞ்சி இருந்த ஊர்க்காரி, அடெல்ஹைட் குரோன்வால்ட். செத்து வெகு காலம். ரஞ்சி வொயிஸ் மெசேஜில் அடிக்கடி சொல்லுவாள்: "எங்கட ஊரில ஒரு மனுசி இருந்தவ அக்கா, அருமையாப் பாட்டுக் கட்டுவாவாம். ஒருத்தருக்கும் தெரியாது." அந்தப் பெயரை முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி அ.கு.

நோட்ஸ் எனக்கு வாசிக்கத் தெரியும். சொற்கள்தான் ஜெர்மன். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். அட்டையில் இருப்பது 'கோழிப்பண்ணை' என்றது. மூன்றாம் மாடி சிவநேசன் அண்ணரிடம் கேட்க வேண்டும். ஜெர்மனியில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்த மனிதர், அதை நாங்கள் மறக்க விடமாட்டார்.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டு விட்டு. லிஃப்ட் திரும்பவும் பழுது. மூன்று மாடியும் நடந்தே ஏறினேன்.

சிவநேசன் அண்ணர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். "அல்ட்... ஷ்டிம்ம."

"அதென்ன அண்ணை?"

"ஷ்டிம்ம எண்டா குரல், தங்கச்சி. அல்ட் எண்டா பழசு. வயசுபோனது. எங்கட ஃபோர்மன் என்னை 'அல்டர்' எண்டுதான் கூப்பிடுவான், கிழவா எண்டு."

"அப்ப?"

"வயசுபோன குரல். வயசுபோன ஆக்கள் பாடுறதுக்கெண்டு எழுதியிருக்கிறா."

உள்ளே சொற்கள் அதிகமில்லை. அநேகமாக முழுக்க 'நோஹ் நிஹ்ட்', 'நோஹ் நிஹ்ட்'. அப்படியென்றால் 'இன்னும் இல்லை' என்றார். "விசா ஒபிஸில எனக்கு ஒவ்வொருமுறையும் சொன்னது உதுதான்." குசினியிலிருந்து அவர் மனைவி: "விடிஞ்சும் விடியாததுமா அந்த விசாக் கதையை விடுங்கோவன்."

முதலில் ரஞ்சி மேல் கோபம் வந்தது. நான் அவளுக்கு மூன்று வயது மூப்பு, அதற்குக் கிழவியா? இவரிடம் போய் முறையிட்டேன். "பொருத்தமாத்தானே இருக்கு" என்கிறார். மெஷின் போடாமலே இப்படியான விஷயங்கள் மட்டும் இவருக்கு வடிவாகக் கேட்கும்.

மத்தியானம் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மெல்லப் பாடிப் பார்த்தேன். தாழ்ந்த குரல், என் குரலுக்கு அளவெடுத்த மாதிரி. ஒரே சுரத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, திரும்ப அதே இடம். "இன்னும் இல்லை." பிறகு ஒரு தடித்த கோடு, மேலே ஓர் இலக்கம். அத்தனை தாளக்கட்டும் பேசாமல் நிற்க வேண்டும். திரும்ப "இன்னும் இல்லை". இரண்டாம் பக்கத்தில் மௌனம் பாட்டைவிட நீளம். ஒரு கிழவி சாவோடு கதைக்கிறாள். இன்னும் இல்லை என்கிறாள். சாவு யோசிக்கிறது. அவள் திரும்பச் சொல்கிறாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்படியும் ஒருத்தி எழுதியிருக்கிறாளே! ரஞ்சி இதை ஏன் எனக்கு விட்டுப்போனாள் என்று விளங்கின மாதிரி இருந்தது. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து கதைக்கும்போது நடுவில் அப்படியே பேசாமல் இருப்பாள். லைன் போய்விட்டது என்று நினைத்து நான் "ஹலோ, ஹலோ" என்று கத்துவேன்.

சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்து. சிவப்புச் சேலை. கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனை போய்ச் சேர முதல் வாசகம் முடிந்துவிட்டது.

பூசைக்குப் பிறகு பெனடிக்ட் மாஸ்டரிடம் சொன்னேன். கொயரை நடத்துகிறவர். கிழமை நாளில் இரத்மலானையில் ஒரு ஃபாக்டரியில் கணக்கு வேலை, ஞாயிறு மட்டும் மாஸ்டர்.

"தனியாவா அக்கா? நீங்களா?"

கேட்டதில் பிழையில்லை. ஐம்பது வருடமாக நான் செகண்ட்ஸ். எங்கள் கொயரில் மெட்டைப் பாடுகிறவர்கள் ஃபர்ஸ்ட்ஸ், கீழே நின்று தாங்குகிறவர்கள் செகண்ட்ஸ். ரஞ்சி சின்னதிலிருந்தே ஃபர்ஸ்ட்ஸ். அவள் தொடங்கினால் கீழே சனம் திரும்பி, கொயர் நிற்கிற மாடியைப் பார்க்கும். செகண்ட்ஸுக்காக யாரும் கழுத்தைத் திருப்பியதை நான் காணவில்லை. பொறாமை இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் என் குரலைக் கீழே கொடுத்தால் அவளுடையது இன்னும் எழும்பும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கலியாணம் செய்து ஜெர்மனிக்குப் போனபிறகும் கிழமை தவறாமல் கதைப்போம். அங்கேயும் பெண்கள் கொயர் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். "எப்பிடி ரஞ்சி, அங்கயும் ஃபர்ஸ்ட்ஸோ?" என்று கேட்பேன். "பின்னே என்ன அக்கா" என்பாள். வெள்ளைக்காரிகளையும் மடக்கிவிட்டாள் என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிவேன்.

மாஸ்டர் பூசைத் தாளில் அடிக்க எழுதிக்கொண்டார்: 'வயதான குரலுக்கான பாடல்.' "நல்லாயிருக்குது அக்கா. சீனியர் சிட்டிசனுக்குன்னே ஒருத்தங்க எழுதியிருக்காங்க பாருங்களேன்." இசைத்தாளைக் காட்டவில்லை. மழைக்குப் பயந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

பிறகு ஃபாதர். "பாட்டுக்கு அர்த்தம் என்ன?"

"இன்னும் இல்லை, ஃபாதர்."

"பரவாயில்லை, பாத்திட்டுச் சொல்லுங்கோ."

"அர்த்தமே அதுதான், ஃபாதர்."

எல்லோருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடிந்தபின் பாடலாம் என்று அனுமதி. தமிழில் பாடத் தீர்மானம். ஆனால் ஜெர்மனில் இரண்டே அசை, தமிழில் நாலு. முதல் தரம் வருமிடத்தில் 'இன்னும்', அடுத்த தரத்தில் 'இல்லை' என்று பிரித்துவிட்டேன். சரியாக உட்காருகிறது.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா. பௌர்ணமி விடுமுறை, கடைகள் பூட்டு. காலி வீதி நீளத்துக்கும் தன்சல், சும்மா சாப்பாடு கொடுக்கிற பந்தல்கள். ஐஸ்கிறீம் தன்சல் வரிசையில் நின்று இவர் இரண்டு கப் வாங்கி வந்தார், சீனி வருத்தக்காரர்! கேட்டால் மற்றது உனக்கு என்கிறார். இரண்டும் பாதி பாதி தின்றிருந்தது.

அ.கு. பற்றி நிரோ அனுப்பிய வொயிஸ் மெசேஜ்களிலிருந்து (ஊர் நூலகத்தில் அவளைப் பற்றிச் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்தார்களாம்):

தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறுகளில் கோயிலில் ஓகன் வாசிப்பார். மகனுக்கு ஓகன் சொல்லிக்கொடுத்தார். மகளை ஓகனுக்குப் பின்னால் காற்றுத் துருத்தி மிதிக்க விட்டார். மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள்.

கலியாணம் இன்னொரு வாத்தியாரோடு.

பொத்தான் ஃபாக்டரியில் வேலை செய்த பெண்பிள்ளைகளைக் கூட்டி ஒரு கொயர். அவர்களுக்காகத்தான் அவ்வளவு பாட்டும்.

தன் பெயர் போடமாட்டாள். 'வாத்தியார் குரோன்வால்டின் மனைவி' என்றுதான் எழுதுவாள். அதனால் வெகு காலம் புருஷன் கட்டிய பாட்டென்றே நினைத்தார்களாம். அந்த மனிதருக்கு நோட்ஸே வாசிக்கத் தெரியாது. எங்கள் ஊரில் 'மாஸ்டர் பெஞ்சாதி' என்று சொல்லிச் சொல்லியே பெயர் மறந்துபோன மனுசிமார் எத்தனை பேர்.

இரண்டு பிள்ளைகள். இரண்டும் சின்னதிலேயே போய்விட்டன.

கடைசியில் பக்கத்து ஊரில் முதியோர் இல்லம். நத்தார்ப் பண்டிகைக்குப் பியானோ வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். தனக்கு வாசிக்கத் தெரியாது என்றாளாம்.

கடைசி மெசேஜோடு போனை மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் போட்டுக் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை, ஆனால் இருட்டிக்கொண்டு. மீன்காரன் பாரை கொண்டுவந்தான்.

நிரோ கூப்பிட்டாள். வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தாள். பாட்டு எப்படி என்று கேட்டாள். நான் கிழவி, சாவு, மௌனம் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டே போகிறேன், அந்தப் பக்கம் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஆர் கிழவி, பெரியம்மா?"

"அட்டையில போட்டிருக்கே பிள்ளை. வயசுபோன குரல் எண்டு."

"ஐயோ பெரியம்மா. அது பழசு இல்லை. ஆல்ட். பொம்பிளையளில கீழ பாடுறவை இருக்கினந்தானே? கொயரில?"

"ஆல்டோவா?"

"ஓம், ஓம். ஆல்டோ."

செகண்ட்ஸ்! கடைசியில் ஓர் 'ஓ' இல்லாததால் ஒரு கிழமையாக நான் கிழவி. சிவநேசன் அண்ணரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது ஃபாக்டரி ஜெர்மன். எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு எப்போதும் எல்லாக் குரலும் ஒரே தாளில், ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். குரலுக்கு ஒரு தாளென்று தனித்தனியாக எழுதுவதை நான் கண்டதில்லை.

"அப்ப மற்றக் குரலெல்லாம் எங்க?"

"இல்லை, பெரியம்மா. எரிஞ்சிட்டுது."

அச்சடிக்க வசதியில்லாததால் அ.கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கையால் எழுதிக் கொடுத்தாளாம். எல்லாத் தாளும் கோயில் அலுமாரியில். உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கோயிலோடு எரிந்தது. செகண்ட்ஸ் பாடிய பிள்ளை ஒன்றுக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கிக் கிடந்தது, அதனால் தாளை வீட்டில் வைத்திருந்ததாம். அந்த ஒரு தாள்தான் மிச்சம்.

ரயில் சுரங்கத்துக்குள் போய் லைன் அறுந்தது.

மீனைக் கழுவியபடியே யோசித்தேன். சாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மேல் குரல்காரர் ஏதோ கேட்கிறார்கள், கீழே நிற்கிறவர்கள் 'இன்னும் இல்லை' என்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது. நான் மௌனம் என்று நினைத்து உருகிய இடத்திலெல்லாம் மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

பிறகு ஒன்று தட்டியது. மேலே பாடுகிறவர்கள் என்றால் ஃபர்ஸ்ட்ஸ். அது ரஞ்சியின் இடம். நான் செகண்ட்ஸ் என்பதால் செகண்ட்ஸ் தாளை எனக்குத் தந்திருக்கிறாள். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே குந்தியிருந்தேன். நீண்ட நாளுக்குப் பிறகு சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். பூசைத் தாளில் பெயரைத் திருத்த வேண்டுமே என்று ஆட்டோ பிடித்துப் போனேன். பாதி வழியில் டிரைவர் கைவிரித்தான். "பார வஹலா, அம்மே." திருநாள் கூட்டத்துக்காக ரோட்டை மூடிவிட்டார்களாம். இறங்கி நடக்கப் பார்த்தேன், சனக்கடல். திரும்பிவிட்டேன். "போனில சொல்லியிருக்கலாந்தானே" என்கிறார் இவர். ஓம், சொல்லியிருக்கலாம்.

போனில் சொன்னேன். தாள் அச்சுக்குப் போய்விட்டதாம்.

ஜூன் 15, ஞாயிறு

மாஸ்டரிடம் இசைத்தாளைக் காட்டினேன். ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "இது செகண்ட்ஸ் பார்ட் மட்டுந்தானே அக்கா!" விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை மட்டும் எப்படிப் பாடுவீங்க? சோறில்லாம பருப்பு மட்டும் வச்ச மாதிரி இருக்கும்" என்றார். யோசித்தார். ஓகனில் என் வரியை வாசித்து, மேலே எதையோ தடவிப் பார்த்தார். "நான் ஒரு மேல் குரல் போட்டுத் தர்றேன். டிலானி பாடுவா. நீங்க உங்க செகண்ட்ஸைப் பாடுங்க. மெட்டு இருந்தாத்தான் அக்கா பாட்டு."

டிலானி வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, கொயரில் இப்போது அவள்தான் ஃபர்ஸ்ட்ஸ். நல்ல குரல், தலைக்கனம் இல்லை. "ஆன்ட்டி, ரஞ்சி ஆன்ட்டிக்காகன்னா நான் கட்டாயம் பாடுறேன்" என்று கையைப் பிடித்தாள். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

ஜூன் 18, புதன்

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. சாயங்காலம் பிராக்டிஸ். குடை முறிந்தது.

மாஸ்டர் கட்டிய மெட்டு நன்றாக இருக்கிறது. இதுதான் வில்லங்கம். மோசமாக இருந்திருந்தால் சிரித்துத் தட்டிக்கழித்திருக்கலாம். டிலானி எழுப்பிப் பாட, நான் கீழே 'இன்னும்' என்று சேர, மாடியே நிறைந்தது. பாஸ் பாடுகிற அல்போன்ஸ் அண்ணர் கூடக் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பழைய பழக்கம், என் குரல் தானாகவே அவளுக்குக் கீழே போய் உட்கார்ந்து கொண்டது. இரண்டாம் பக்கத்தில் திடீரென்று தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அந்த இடத்தில் யாரோ நிற்கிறார்கள், அது ரஞ்சி இல்லை. எங்கள் வீட்டுக்குப் போய், அவள் கட்டிலில் வேறு பிள்ளை படுத்திருக்கக் கண்ட மாதிரி.

பாடி முடிந்ததும் சொல்லிவிட்டேன். வேண்டாம் மாஸ்டர், தனியவே பாடுறன்.

"நல்லாத்தானே வந்திச்சு?"

"நல்லா வந்ததுதான் பிரச்சினை."

"சும்மா எத்தனை நேரம் அக்கா நிப்பீங்க? சனம் என்னா நினைக்கும்? மறந்துட்டாங்கன்னுதான் நினைக்கும்."

"நினைக்கட்டும். அது அவளின்ர இடம். அதில ஆரும் நிக்கக் கூடாது."

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாள் வேலை முடிந்து வந்து கட்டிய மெட்டு. டிலானி மட்டும், "எனக்கு விளங்குது ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு என்ன விளங்கியதோ. பஸ்ஸில் வரும்போது மனிதரை நோகடித்துவிட்டேன் என்று கவலை. ஆனாலும் முடிவு முடிவுதான். விசா தராதவன் என்னைக் குழியடிக்குப் போகவிடவில்லை. இந்த இடத்தையாவது நான் காத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

நாளைக்கு: பற்றீஸும் கேக்கும் சொல்லியாகிவிட்டது. பூ கொட்டாஞ்சேனையிலேயே வாங்கலாம். ரஞ்சியின் படத்துக்கு ஃபிரேம் (கண்ணாடியில் கீறல், பரவாயில்லை). வெள்ளைச் சேலை ஸ்திரி. இஞ்சித் தேத்தண்ணீர் போத்தல்.

மாஸ்டர் கோபத்தில் இருந்தாலும் வருவார். வந்து சுரம் கொடுப்பார்.

ஜூன் 21, சனி

எல்லாம் முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. முடிந்ததைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நல்ல சனம். பூசைத் தாளில் 'வயதான குரலுக்கான பாடல்' என்றே இருந்தது. திருத்த ஏலாமல் போனது நல்லதாகப் போயிற்று, நான் எழும்பி முன்னால் போனபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. மாஸ்டர் மாடியிலிருந்து சுரம் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். முதற்பக்கம் எங்கும் பிசகவில்லை. குரல் நடுங்கவும் இல்லை. பிறகு அந்த நீண்ட இடம் வந்தது. நின்றேன். விசிறிச் சத்தம். வெளியே பஸ் ஹோர்ன். இதுதான் ரஞ்சி பாடுகிற இடம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். முன் வாங்கில் ஒரு மனுசி பக்கத்திலிருந்தவரிடம்: "பாவம், மூச்சு முட்டிப்போச்சு போல."

நான் திரும்பத் தொடங்க இன்னும் இரண்டு மூன்று தாளக்கட்டு இருந்திருக்கும். ஃபாதர் எழும்பிக் கையை விரித்தார். "செபிப்போமாக."

எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மாஸ்டர் மேலிருந்து கையைக் காட்டினார், யார் பார்த்தது. நான் வாயை மூடிக்கொண்டு இடத்துக்குப் போனேன். மற்றப் பாதி பாடவில்லை. ஃபாதரை என்ன சொல்வது? முடிந்துவிட்டது என்று நினைத்தார், பாவம். முடியாமல் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

பற்றீஸ் சாப்பிடும்போது நாலைந்து பேர் வந்து பாராட்டினார்கள். "சின்னதா, அழகா இருந்திச்சு ஆன்ட்டி." மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு ஒரு பிளேன் டீ எடுத்து வந்து தந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். கிடந்த துணி முழுக்கத் தோய்த்துப் போட்டேன். கால் பரவாயில்லை.

பத்து மணிபோல் நிரோ. டிலானி போனில் பிடித்ததை அனுப்பியிருக்கிறாள், அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "வடிவாப் பாடினீங்கள் பெரியம்மா. ஆனா மற்றப் பக்கம் எங்க?" ஃபாதர் கதையைச் சொன்னேன், சிரித்தாள். மாஸ்டர் மெட்டுக் கட்டிய கதையையும் சொன்னேன். நான் மாட்டேன் என்று நின்றதையும்.

"ஒருத்தரையும் விடேல்லை, நிரோ. அது உங்கட அம்மாவின்ர இடம். ஃபர்ஸ்ட்ஸ்."



"அம்மா ஃபர்ஸ்ட்ஸ் பாடேல்லை, பெரியம்மா."

"கடைசியில வருத்தத்தோட ஏலாமப் போயிருக்கும். நான் சொல்லுறது முந்தி."

"ஒருநாளும் பாடேல்லை. சேர்ந்த நாளில இருந்து ஆல்ட்தான். மேல பாடுறதெண்டா ஜெர்மன் சொல்லு வடிவா வரவேணும் எண்டு அந்தக் கொயர் டீச்சர் சொன்னவவாம். பிறகு ஒருத்தரும் மாத்தேல்லை. அம்மாவும் கேக்கேல்லை." பிறகு: "அந்தக் கொப்பி அம்மா வீட்டில பாடிப் பழகினது. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று நினைவில்லை.

கொஞ்சநேரத்தில் ஒரு ஓடியோ அனுப்பினாள். முந்தி ஒருநாள் குசினியில் அம்மா பாடும்போது விளையாட்டுக்குப் பிடித்ததாம். போட்டேன். தண்ணீர் ஓடுகிற சத்தம், சட்டி வைக்கிற சத்தம். தாழ்ந்த குரலில் ஒருத்தி 'நோஹ் நிஹ்ட்' என்கிறாள். என்னுடையதைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒரே குரல்.

நேற்று ஃபாதர் என் பாட்டை வெட்டிய அந்த இடம் வருகிறது. அவள் வாய்விட்டு எண்ணுகிறாள். தமிழில். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." போகப் போக எண்ணிக்கை வேகமாக ஓடுகிறது. அவசரப்பட்டு முந்தி விழுந்துவிடுகிறாள். "சே" என்கிறாள். திரும்ப முதலிலிருந்து. திரும்பவும் முந்தி. சின்ன வயதிலிருந்து மற்றவர்கள் தனக்காகக் காத்திருந்து பழகியவள், தான் காத்திருக்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் தரம் தண்ணீரை நிறுத்திவிட்டு எண்ணினாள். அதுவும் முந்திவிட்டது. அதோடு ஓடியோ முடிந்தது.

ஐந்தாறு தரம் போட்டுக் கேட்டிருப்பேன். இவர் எழும்பி வந்து கதவடியில் நிற்கிறார், நான் இவ்வளவு சத்தமாக அழுது இவர் கண்டதில்லை.

வாயால் எண்ணினால் ஓடத்தான் செய்யும். செருப்புக்குள் பெருவிரலை மடக்கி மடக்கி எண்ண வேண்டும். எங்கள் வரிசையில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். அத்தனை வருடம், கிழமைக்குக் கிழமை கதைத்தோமே. செகண்ட்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பழக்கித் தந்திருப்பேனே, ரஞ்சி.